கையுறைப் பாறைக்கு ஒரு டிக்கெட்

மூன்று வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டே இருந்த ஃபாரஸ்ட் கம்ப், ஒரு நாள் நடுரோட்டில் சட்டென்று நிற்பான். களைப்பாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்பான். அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு சாலை. சாலை முடிகிற இடத்தில் வானத்தை முட்டிக்கொண்டு சிவப்புப் பாறைகள். 1994-ல் வந்த படம். பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அந்தப் பாறைகளை உங்களுக்குத் தெரியும். சிகரெட் விளம்பரம், கார் விளம்பரம், காலண்டர் என்று எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும்.

மான்யுமென்ட் வேலி. அரிசோனாவும் யூட்டாவும் தொட்டுக்கொள்கிற எல்லையில் இருக்கிறது. வெறும் மண்தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழும்பி நிற்கிற மணற்பாறைகள். அதில் இரண்டு, கட்டைவிரலை மட்டும் தனியாக விட்ட கம்பளிக் கையுறை மாதிரியே இருக்கும். கிழக்குக் கையுறை, மேற்குக் கையுறை என்றே பெயர்.

சரி, போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். லீவு சொல்லியாச்சு. விசா இருக்கிறது. ஃபீனிக்ஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்தால் ஐந்து, ஐந்தரை மணி நேரம். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் பேசிவிடலாம். உங்கள் கைக்கடிகாரம்.

கோடைக்காலத்தில் அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அரிசோனாவோ, அடிக்கிற வெயிலுக்கு இது வேறயா என்று சும்மா இருந்துவிடும். ஆனால், அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளி வைக்கும். அந்த நவஹோ நிலத்துக்கு நடுவில் ஹோப்பி என்கிற இன்னொரு இனத்தாரின் நிலம் இருக்கிறது. அவர்கள் தள்ளி வைப்பதில்லை! பத்து மணிக்கு டூர் என்று ஃபீனிக்ஸ் நேரப்படி நிதானமாகப் போய் நின்றால், அங்கே மணி பதினொன்று. வண்டி போயே போச்சு.

இது என்ன கூத்து என்று தோன்றும். கூத்தெல்லாம் இல்லை. நீங்கள் வேறொரு அரசாங்கத்தின் எல்லைக்குள் நுழைந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நவஹோ தேசத்துக்குத் தனி ஜனாதிபதி, தனிச் சட்டசபை, தனி போலீஸ், தனி கோர்ட் உண்டு. தலைநகர் விண்டோ ராக். பரப்பளவு சுமார் எழுபதாயிரம் சதுர கிலோமீட்டர். இலங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இவர்களைத்தான் நாம் ரொம்ப காலம் 'செவ்விந்தியர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிக்கொண்டிருந்தோம். நவஹோ என்பதுகூட அடுத்தவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'டினே' என்று. மக்கள் என்று அர்த்தம்.

இந்த அதிகாரத்தை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக் கொடுத்துவிடவில்லை. அந்தக் கதை தெரியாமல் அங்கே போனால், வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் அநாவசியமாகச் சண்டை போடுவீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போவோம்.

1863. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டிருந்த உள்நாட்டுப் போர்க்காலம். நியூ மெக்ஸிகோ பகுதிக்கு ராணுவத் தளபதியாக இருந்தவர் ஜேம்ஸ் கார்ல்டன். அவருக்கு இரண்டு எண்ணங்கள். ஒன்று, நவஹோக்களின் மண்ணுக்கடியில் தங்கம் இருக்கிறது. இரண்டு, நவஹோக்கள் அங்கே இருக்கக்கூடாது.

நவஹோக்கள் ஒன்றும் அறியாத சாதுக்கள் என்று சொல்ல வரவில்லை. பக்கத்து ஊர்களுக்குள் புகுந்து ஆடு, குதிரைகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு அந்த ஊர்க்காரர்கள் வந்து நவஹோ பெண்களையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போய் அடிமைகளாக விற்பார்கள். பல தலைமுறையாக நடந்துவந்த பகை. கார்ல்டன் அதை ஒரேயடியாக முடித்துவிடத் தீர்மானித்தார். ஜூலை 20-க்குள் சரணடைய வேண்டும், அதற்குப் பிறகு கண்ணில் படுகிற நவஹோ எல்லாரும் எதிரி.

வேலையை ஒப்படைத்தது கிட் கார்சனிடம். அமெரிக்கச் சிறுவர்களின் சாகசக் கதைகளில் நாயகனாக வந்த அதே ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. முதல் மனைவி அரபஹோ என்கிற பூர்வகுடி இனத்துப் பெண். அப்படிப்பட்டவர், நவஹோக்களைத் துரத்திச் சுடுவதில் பெரிதாக நேரத்தை வீணாக்கவில்லை. அவர்களுடைய சோற்றில் கை வைத்தார். சோளக்கொல்லைகளை எரித்தார்கள். ஆடுகளைக் கொன்றார்கள், ஓட்டிக்கொண்டும் போனார்கள். மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய ஹோகன் வீடுகளைக் கொளுத்தினார்கள். பிறகு குளிர்காலம் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

1864 ஜனவரியில், நவஹோக்களின் கடைசிப் புகலிடமான கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குள் படை இறங்கியது. பனி, பசி. கூட்டம் கூட்டமாக வந்து சரணடைந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பரம்பரையாக வளர்த்துவந்த பீச் மரத் தோப்புகள் இருந்தன. அதே வருஷம் கோடையில் இன்னொரு ராணுவப் பிரிவு வந்து, ஆயிரக்கணக்கில் அந்த மரங்களை வெட்டிச் சாய்த்தது. சரணடைந்த ஜனங்களின் பழமரங்களை எதற்காக வெட்ட வேண்டும்? திரும்பி வரும் ஆசையே இருக்கக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடை. பல மாதங்களில், பல பிரிவுகளாக, கிழக்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள். ரியோ கிராண்டே ஆற்றைக் கடக்கும்போது அடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. நிறைமாத கர்ப்பிணி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள், சொந்தக்காரர்களை மேலே போகச் சொன்னார்கள், கொஞ்ச தூரம் போனதும் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்று நவஹோ பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறார்கள். நீண்ட நடை என்றுதான் இன்றைக்கும் அதற்குப் பெயர்.

போய்ச் சேர்ந்த இடம் போஸ்கே ரெடோண்டோ. ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவக் கோட்டையை ஒட்டிய வெட்டவெளி. எட்டாயிரம் பேருக்கு மேல் அடைத்தார்கள். பேகோஸ் ஆற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, குடித்தால் வயிற்றைப் பிடுங்கும். விதைத்த சோளத்தைப் புழு தின்றுவிட்டது. அடுத்த வருஷமும் தின்றது. அடுப்பெரிக்க விறகில்லை. மைல் கணக்கில் நடந்து போய் முட்செடியின் வேரைத் தோண்டி எடுத்து முதுகில் சுமந்து வந்தார்கள். ரேஷனில் கோதுமை மாவு கொடுத்தார்கள். காப்பிக்கொட்டை கொடுத்தார்கள். இரண்டையும் என்ன செய்வதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

நவஹோ நிலத்துக்குப் போனால் சாலையோரக் கடையில் 'ஃப்ரை பிரெட்' கிடைக்கும். நம் பட்டூரா மாதிரி உப்பலாக, எண்ணெயில் பொரித்தது. சுற்றுலாப் பயணிகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். அது அந்த ரேஷன் மாவிலிருந்து வந்ததென்று சொல்கிறார்கள்.

ரேஷனுக்கு முதலில் அட்டைச் சீட்டு கொடுத்தார்கள். கள்ளச்சீட்டு வந்தது. உடனே, அச்சுக் குத்திய உலோக வில்லை கொடுத்தார்கள். நவஹோக்களிடம் உலோக வேலை கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் அதே மாதிரி வில்லை அடித்துவிட்டார்கள்! அந்த நாலு வருஷத்துக் கதையில் சிரிக்க முடிகிற ஒரே இடம் எனக்கு இதுதான்.

இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்திருக்கலாம் என்கிறார்கள். பசி, அம்மை, குளிர். அரசாங்கத்துக்கும் கட்டுப்படியாகவில்லை. கார்ல்டனைப் பதவியிலிருந்து எடுத்தார்கள்.

1868 மே மாதக் கடைசியில் ஜெனரல் ஷெர்மன் வந்தார். உள்நாட்டுப் போரில் ஜார்ஜியா மாநிலத்தை எரித்துக்கொண்டே நடந்த மனிதர். அவர் கையில் ஒரு யோசனை இருந்தது. பேசாமல் ஓக்லஹோமா பக்கம் போய்விடுங்களேன், நல்ல நிலமாகத் தருகிறோம்.

பேச்சுவார்த்தைக்கு முன்னால் நடந்ததாக நவஹோக்கள் ஒரு சம்பவம் சொல்வார்கள். ஜனங்கள் பெரிய வட்டமாக நின்று, ஒரு கயோட்டியை (அங்கத்திய நரி) நடுவில் மடக்கினார்கள். தலைவர்களில் ஒருவரான பார்போன்சிட்டோ அதன் வாயில் ஒரு வெள்ளைச் சிப்பி மணியை வைத்தார். விட்டார்கள். அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாக மேற்கே நடந்தது. ஊர் இருந்த திசை. போய்விடுவோம் என்று பார்போன்சிட்டோ சொல்லிவிட்டார்.

அவர்தான் ஷெர்மனிடமும் பேசினார். நவஹோவில் அவர் பேசப் பேச ஒருவர் ஸ்பானிஷில் சொல்ல, அதை இன்னொருவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இத்தனை கை மாறியும் அந்தப் பேச்சின் சூடு ஆவணத்தில் ஆறாமல் இருக்கிறது. எங்கள் பாட்டன்மார் வேறு நாட்டில் வாழ நினைத்ததேயில்லை, எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள் என்பதுதான் சாராம்சம். ஓக்லஹோமா பேச்சு அதோடு முடிந்தது. ஜூன் 1-ம் தேதி ஒப்பந்தம். நவஹோ தலைவர்களில் பெரும்பாலோர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டார்கள்.

ஜூன் 18-ம் தேதி கிளம்பினார்கள். பத்து மைல் நீள வரிசை. அல்புகர்க்கியை நெருங்கியபோது தூரத்தில் டெய்லர் மலை தெரிந்தது. அவர்களுடைய நான்கு புனித மலைகளில் தெற்கு மலை. பெரியவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள் என்று, மற்ற பல தலைவர்களைவிட அதிக நாள் சரணடையாமல் போராடிய மனுவெலிட்டோ பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

பூர்வகுடிகளின் ஒப்பந்தங்களில் இது ரொம்ப அபூர்வம். துரத்தப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனவர்கள் மிகச் சிலர். நிலமும் பிறகு குறையவில்லை, கூடியது! 1868-ல் கொடுத்தது பழைய நிலத்தில் ஒரு துண்டுதான். மான்யுமென்ட் வேலி அதில் இல்லவே இல்லை. 1884-ல் ஜனாதிபதி உத்தரவு மூலம் அது சேர்ந்தது. காரணம் கருணையென்று நினைத்துவிட வேண்டாம். அந்த வறண்ட பாறைக்காடு வேறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

வேண்டியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மெரிக், மிட்செல். 1880 வாக்கில் அங்கே வெள்ளி தேடி வந்தார்கள், கொல்லப்பட்டார்கள். கிட் கார்சன் காலத்தில் பிடிபடாமல் ஆடுகளோடு தப்பி, மேற்கே நவஹோ மலைப் பக்கம் ஒளிந்து வாழ்ந்த ஹோஸ்கினினி என்ற தலைவருக்கு வெள்ளிச் சுரங்கம் தெரியும் என்று ஒரு வதந்தி. அதை நம்பி வந்தவர்கள். கையுறைகளுக்குப் பக்கத்தில் நிற்கிற மூன்றாவது பாறையின் பெயர் இன்றும் மெரிக் பியூட். மிட்செல் பெயரிலும் ஒன்று உண்டு. யார் யார் பெயரெல்லாம் பாறைக்கு வருகிறது பாருங்கள்.

இனி சினிமா.

1920-களில் ஹாரி கூல்டிங் என்பவர் மனைவியோடு வந்தார். யூட்டா பக்கத்தில் ஒரு பகுதி அப்போது நவஹோ நிலக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 640 ஏக்கர், 320 டாலர். ஏக்கர் அரை டாலர்! கடை போட்டார். நவஹோக்கள் கம்பளமும் ஆட்டு ரோமமும் கொண்டுவருவார்கள், மாவும் காப்பியும் வாங்கிப் போவார்கள். 1930-களில் எல்லாம் படுத்தது. ஒருபக்கம் பொருளாதார மந்தம். இன்னொரு பக்கம், ஆடுகள் அதிகமாக மேய்ந்து மண் கரைந்து ஹூவர் அணையில் போய்ச் சேருகிறது என்று சொல்லி, அரசாங்கமே ஆட்டு மந்தைகளைக் குறைக்கத் தொடங்கியது. சில இடங்களில் ஆடுகளைச் சுட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் திரும்பிய பரம்பரைக்கு இருந்த ஒரே சொத்து அது. இன்றும் நவஹோ வீடுகளில் அதைச் சொன்னால் கோபம் வரும்.

1938-ல் கூல்டிங், ஜோசப் ம்யூன்ச் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களைக் கட்டிக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போனார். அப்பாயின்ட்மென்ட் கிடையாது. உள்ளே விடமாட்டோம் என்றார்கள். படுக்கை கொண்டுவந்திருக்கிறேன், இங்கேயே விரித்துக்கொள்கிறேன் என்றாராம். கடைசியில் படங்கள் இயக்குநர் ஜான் ஃபோர்டின் கைக்குப் போயின. 1939-ல் 'ஸ்டேஜ்கோச்' வெளியானது. ஜான் வெயின் ஸ்டாரானார். பாறைகளும் ஸ்டாராகின.

நவஹோக்களுக்குத் தினக்கூலி கிடைத்தது, அடுப்பு எரிந்தது. அதை மறைக்கக்கூடாது. ஆனால், அவர்கள் திரையில் நவஹோக்களாக வரவில்லை. ஒரு படத்தில் அப்பாச்சி, இன்னொன்றில் கமான்ச்சி, வேறொன்றில் ஷெயன். வேலை எப்போதும் ஒன்றுதான்: குதிரையில் வருவது, சுடப்பட்டு விழுவது. 1956-ல் வந்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் அந்த இடமே டெக்ஸாஸ் ஆகிவிட்டது. கமான்ச்சி தலைவனாக நடித்த ஹென்றி பிராண்டன் பிறந்தது பெர்லினில்!

1964-ல் ஃபோர்ட் அங்கே எடுத்த 'ஷெயன் ஆட்டம்' வேறு மாதிரி. அடைத்து வைத்த இடத்திலிருந்து சொந்த ஊருக்கு நடந்தே கிளம்புகிற ஷெயன்களின் கதை. அந்த ஜனங்களாக நடந்தவர்கள் நவஹோக்கள். ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் நிஜமாகவே அப்படி நடந்தவர்கள். வசனத்தை நவஹோ மொழியில் பேசச் சொன்னார்களாம். இவர்கள் கேமரா முன்னால் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கன்னாபின்னாவென்று ஜோக் அடித்தார்கள், தியேட்டரில் நவஹோக்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று சொல்வார்கள்.

உலகத்துக்கோ அது ஆளில்லாத பாலைவனமாகவே மனதில் பதிந்துபோனது. அங்கே ஹோகன் வாசலில் புகை வந்துகொண்டிருந்தது, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

அணுகுண்டுக்காரர்கள் மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். 1944-லிருந்து 1986 வரை நவஹோ நிலத்தில் வெட்டியெடுத்த யுரேனியத் தாது சுமார் மூன்று கோடி டன். மான்யுமென்ட் வேலியைச் சுற்றிலும் சுரங்கங்கள் இருந்தன. வெட்டியவர்களில் நிறையப் பேர் நவஹோக்கள். அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. சுரங்கக் கல்லை எடுத்து வீடு கட்டியவர்கள்கூட உண்டு. கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். நஷ்டஈட்டுச் சட்டம் 1990-ல்தான் வந்தது. 2005-ல் நவஹோ சட்டசபை, எங்கள் மண்ணில் இனி யுரேனியம் தோண்டக்கூடாது என்று சட்டம் போட்டது. அழகாக இருக்கிறதே என்று அங்கே கல் எதையும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். சட்டப்படியும் தப்பு, உடம்புக்கும் நல்லதில்லை.

இப்போது டிக்கெட் கவுன்ட்டருக்கு வருவோம். அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு வருடாந்திரப் பாஸ் விற்பார்கள். கிராண்ட் கேன்யனில் வாங்கியிருப்பீர்கள். அதை இங்கே நீட்டினால் செல்லாது என்பார்கள். பலர் தகராறு செய்வது இங்கேதான். செல்லாது, ஏனென்றால் இது அமெரிக்க தேசியப் பூங்கா அல்ல. 1958-ல் நவஹோ சட்டசபை தானே உருவாக்கிய பூங்கா. அவர்களுடைய முதல் பூங்கா. நீங்கள் கொடுக்கிற பணம் அவர்களுக்குத்தான் போகிறது.

உள்ளே பதினேழு மைல் மண்சாலை ஒன்றில் மட்டும் சொந்தக் காரில் போகலாம். சின்னக் கார் என்றால் அடி தட்டும். அதற்கு மேல் உள்ளே போக நவஹோ வழிகாட்டி வேண்டும். பாறையில் ஏறக்கூடாது. டிரோன் விடக்கூடாது. மனிதர்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. மது, நவஹோ நிலம் முழுக்கக் கூடாது, கார் டிக்கியில்கூட. உள்ளே இன்னமும் குடும்பங்கள் வசிக்கின்றன. அது அவர்கள் வீட்டுக் கொல்லை.

மேற்கே பேஜ் ஊர்ப் பக்கம் ஆன்ட்டலோப் கேன்யன் போவதாக இருந்தால் அங்கேயும் வழிகாட்டி கட்டாயம். 1997 ஆகஸ்டில் எங்கோ தூரத்தில் மழை பெய்து, இந்த இடுக்குக்குள் வெள்ளம் சுவர் மாதிரி வந்து பதினொரு சுற்றுலாப் பயணிகள் செத்துப்போனார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2020-ல் கொரோனா வந்தபோது நவஹோக்கள் பூங்காக்களை இழுத்துப் பூட்டினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கை கழுவு என்றால் எதில் கழுவுவது? அந்த மே மாதம் ஜனத்தொகை விகிதப்படி நியூயார்க்கையே தாண்டியது தொற்று. அமெரிக்காவின் மற்ற ஊர்கள் சுற்றுலாவைத் திறந்துவிட்ட பிறகும் இவர்கள் திறக்கவில்லை. வருமானம் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டு, 2021 ஜூலையில்தான் பாதிக் கூட்டத்தோடு திறந்தார்கள்.

எப்போது போகலாம்? மார்ச் கடைசியோ செப்டம்பர் நடுவோ என்றால் ஒரு லாபம் உண்டு. அந்த இரண்டு சமயத்திலும் சில நாள், சூரியன் சாயும்போது மேற்குக் கையுறையின் நிழல் நேராகக் கிழக்குக் கையுறை மேல் போய் விழும். இரவு பார்க்குக்குள்ளேயே தங்க ஹோட்டல் இருக்கிறது. நவஹோ ஹோட்டல், 2008 டிசம்பரில் திறந்தது. ரொம்ப முன்னாலேயே ரூம் போட்டுவிடுங்கள். அறை கிழக்கு பார்த்தது. ஹோகன் வாசலும் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் ஃபோர்ட் சம்னருக்கும் போய்விட்டு வாருங்கள். ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனின் சமாதிக்கு வழிகாட்டும் போர்டுகள். 1881-ல் அவனைச் சுட்டுக் கொன்றது அங்கேதான். கூட்டம் அதற்குத்தான் வருகிறது. கொஞ்சம் தள்ளி, ஆற்றோரம், 2005-ல் திறந்த போஸ்கே ரெடோண்டோ நினைவகம் இருக்கிறது. அங்கே ஒரு கற்குவியல் உண்டு. நவஹோக்கள் தங்கள் ஊரிலிருந்து சுமந்துவந்து போட்ட கற்கள்.

விண்டோ ராக்கிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே நேரம்தான்.